மாலை போட்ட உடம்பு

என் வீட்டுக்காரர் விஜயபாண்டிக்கு வாய் கிடையாது, எனக்கு உண்டு. மம்சாபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் திட்டாத நாள் என்று ஒன்று இருந்தால், அன்று நான் எங்கம்மா வீட்டில் இருந்திருப்பேன். கார்த்திகை பிறந்து அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டதும் என் வாய்க்குப் பூட்டு விழுந்தது. மாலை போட்டவர் சாமி. சாமியைத் திட்டினால் யாருக்குப் பாவம் என்று என் மாமியார் வெள்ளத்தாய் முதல் நாளே சொல்லி வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் என்னை 'அம்மா' என்று கூப்பிட, நான் அவரைச் 'சாமி' என்று கூப்பிட, வீடு வீடாகவே இல்லை.

அவர் மாலை போட்டது எங்கள் பிள்ளைக்காக. இரண்டு தடவை எனக்குக் கரு நிற்காமல் போய்விட்டது. மூன்றாவது நின்று நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளை பிறந்த பிறகு மலைக்கு வருவதாகத்தான் மற்றவர்கள் நேர்ந்துகொள்வார்கள். இவருக்கு அதுவரை பொறுமையில்லை. பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது மலை ஏறலாமா என்று தெருவில் நாலு பேர் இழுத்தார்கள். ஆறாம் மாசம் பிறப்பதற்குள் போய் வந்தால் தோஷமில்லை என்று குருசாமி சின்னக்கருப்பன் சொன்ன பிறகுதான் அடங்கினார்கள். "ரெண்டு போயிருச்சு, இத விட மாட்டேன்" என்று மட்டும் இவர் சொன்னார். அதிகம் பேசாத மனிதர் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் யார் என்ன பேசுவது.

சிகரெட்டை அதற்கு முன்பே விட்டிருந்தார். விட வைத்தது சாமியில்லை, என் குமட்டல். புரட்டாசியில் அவர் சட்டையை முகர்ந்தாலே ஓடிப்போய் வாந்தி எடுப்பேன். பாவம், அவரும் இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தார். கை நடுங்கியது. மூன்றாம் நாள் மில்லிலிருந்து வரும்போது சட்டைப் பையில் ஒரு பேனா இருந்தது. மூடியைத் திறந்து எழுதுகிற பேனா இல்லை, வாயில் வைத்து இழுக்கிற பேனா.

அவர் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் எலக்ட்ரீஷியன். பஞ்சு மில் வாசலில் சோறு கொண்டு வந்தாயா என்று கேட்க மாட்டார்கள், தீப்பெட்டி இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பொறி விழுந்தால் போதும், குடோனே போய்விடும். அதனால் எட்டு மணி நேரம் சிகரெட் இல்லாமல் தவிக்கிறவர்களிடம் இந்தப் பேனா வந்து சேர்ந்திருக்கிறது. தீப்பெட்டி வேண்டாம், சாம்பல் விழாது, வாசலில் பிடிபடாது. சார்ஜ் போட்டால் போதும்.

"இதுல தீயே கிடையாது. தீ இருந்தாத்தான பொகை. இது வெறும் ஆவி. ஒன் இட்லிச் சட்டியில வருதே, அதுதான்" என்றார் என்னிடம்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. நாற்றமில்லை, குமட்டலில்லை, மாம்பழ வாசனை அடித்தது. மனிதர் கை நடுங்காமல் சோறு தின்றார். மாலை போட்ட அன்று மட்டும் கேட்டேன்.

"சாமி, இதையும் விட்டுரணும்லா?"

"குருசாமி பீடி சிகரெட்டுதான் ஆகாதுன்னாரு. தீ வைக்காதது எப்படிம்மா சிகரெட்டாவும்?"

மில் வாசல் செக்யூரிட்டிக்கும் சபரிமலை சாமிக்கும் ஒரே சட்டம் என்று அவராகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார். மாலை போட்ட பிறகு வெற்றிலைகூடக் கிடையாதா, அந்த வாய் சும்மா இருக்குமா. முன்னைவிட அதிகமாகவே இழுத்தார். மாடியில் துணி காயப் போடுகிற இடத்தில் நின்று இழுப்பார். மாம்பழ வாசனை கீழே இறங்கி வரும். கார்த்திகை மாசத்தில் எங்கள் பக்கம் மாம்பழம் ஏது? மாமியார் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "சப்பட்டை மாம்பழமால்லா மணக்குது. சாமி வீட்டுக்குள்ள நடமாடுது ஏட்டி" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

பிறகு இருமல் வந்தது. முதலில் லேசாக, கேட்டால் தொண்டையைச் செருமுவதுபோல. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றுகிறாரே, அதனால்தான் என்றார் மாமியார். மலையடிவாரத்துப் பனி என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மில் பஞ்சு நெஞ்சில் ஒட்டியிருக்கும் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். தண்ணீர் மேல், பனி மேல், பஞ்சு மேல் என்று ஊரில் உள்ளதன் மேலெல்லாம் பழியைப் போட்டுவிட்டு, சுக்குக் கசாயமும் மிளகு ரசமும் வைத்துக் கொடுத்தோம். குடித்துவிட்டு மாடிக்குப் போவார்.

குருசாமி வீட்டில் சாயங்காலம் பஜனை. சரணம் சொல்லிக் கொடுக்கிறவர் என் வீட்டுக்காரர்தான். வீட்டில் வாய் திறக்காதவருக்கு அங்கே மட்டும் வெண்கலக் குரல். அவர் ஒரு வரி சொல்ல, மற்றச் சாமிகள் திருப்பிச் சொல்வார்கள். அன்றைக்கு அவர் சொன்ன வரி பாதியில் நின்றது. மறந்துவிட்டார் என்று நினைத்து எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். சத்தம் வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து ஓடினேன். மாலை போட்டவரைத் தொடக்கூடாது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. தொட்டேன். உடம்பு கொதித்தது.

விடிந்ததும் ஆட்டோ பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பெயர் ஷெரின். என் வயதுதான் இருக்கும். விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தார், உடனே ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே, "சிகரெட், பீடி பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

என் மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மாலை போட்ட உடம்பு டாக்டரம்மா. பாத்தா தெரியலயா."

"அதுக்கு முன்னாடி?"

"அதெல்லாம் விட்டு மாசமாச்சு" என்றார் மாமியார். டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் இல்லை என்று தலையசைத்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டது சிகரெட்டைத்தானே, சிகரெட் இல்லைதானே என்று நின்றேன். அந்தப் பேனா என் நினைப்பிலேயே இல்லை.

நிமோனியாவாக இருக்கும் என்று ஊசி மருந்து ஆரம்பித்தார்கள். அன்றும் காய்ச்சல் இறங்கவில்லை, மறுநாளும் இறங்கவில்லை. ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைகூட நடக்க முடியவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த டாக்டரின் நடையே வேறாக இருந்தது.

அன்றைக்குப் பகலில் இசக்கிமுத்து பார்க்க வந்தான். மில்லில் இவரோடு ஒரே செட்டில் வேலை பார்க்கிறவன். அவனும் கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை. கட்டில் பக்கத்தில் நின்று பேச வாயெடுத்தவன் இருமினான். மாமியார், "ஒனக்குமா சாமி?" என்று கேட்டார்.

"பச்சத்தண்ணிக் குளியல்லா ஆச்சி" என்றான்.

போகும்போது என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்தினான்.

"மதினி, அந்தப் பேனா விசயத்த டாக்டருட்ட சொல்லிராதிய. அது விக்கதே தடையாம். மில்லுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். குருசாமிக்குத் தெரிஞ்சா அம்புட்டுதான்."

அவன் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அது தோன்றியிருக்காது. எதைச் சொல்லாதே என்று ஒருவன் கெஞ்சுகிறானோ, அதில்தான் விஷயம் இருக்கும். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். புரட்டாசியில் பேனா, கார்த்திகையில் இருமல். இவனுக்கும் பேனா, இவனுக்கும் இருமல். பஜனைக்கு வரும் இருபது சாமிகளும் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள், மற்றவர்கள் யாரும் மூச்சுக்குத் தவிக்கவில்லை.

உள்ளே போய் அவர் காதருகே குனிந்தேன். "பேனாவச் சொல்லிருவோம்" என்றேன்.

அவர் மாஸ்க்கைக் கையால் நகர்த்தினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "வேண்டாம். சொன்னா மாலை தீட்டுன்னு கழத்திருவாவ. நேர்ச்சை கெட்டா..." என் வயிற்றைப் பார்த்தார். "இதுவும் நிக்காது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூச்சு விட முடியாமல் கிடக்கிற மனிதர், சாமியிடம் உண்மையை மறைத்துப் பிள்ளையைக் காப்பாற்றப் போகிறாராம். சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. என்ன செய்வது, அந்தக் கண்ணைப் பார்த்தால் திட்டவும் முடியவில்லை. அவர் பயந்தது எனக்காகவும்தான்.

சிறிது நேரத்தில் டாக்டர் ஷெரின் வந்தார். குருசாமி சின்னக்கருப்பனும் விபூதியோடு வந்து நின்றிருந்தார். டாக்டர் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை, உட்கார்ந்து பேசினார்.

"ரெண்டு பக்கமும் நுரையீரல் முழுக்க வீங்கிப் புண்ணாகியிருக்கு. கிருமி இருக்கான்னு தேடினோம், ஒண்ணும் சிக்கல. மருந்தும் கேட்கல. வேற ஒரு மருந்து இருக்கு, ஸ்டீராய்டு. ஆனா இது கிருமியால வந்ததா இருந்தா அந்த மருந்து இன்னும் மோசமாக்கிரும். அதனால காரணம் தெரிஞ்சாகணும். மறுபடியும் கேக்கறேன். சிகரெட்தான்னு இல்ல, கஞ்சா, மருந்துப் புகை, எதையாவது நெஞ்சுக்குள்ள இழுத்தாரா?"

"எத்தன தடவ கேப்பிய டாக்டரம்மா" என்றார் மாமியார். "அவன் விரதத்துல இருக்கான். சத்தியமா கிடையாது."

என் வீட்டுக்காரர் இல்லை என்று தலையசைத்தார். என்னைப் பார்த்து இன்னொரு தரம் அசைத்தார். அது டாக்டருக்கு இல்லை, எனக்கு.

அவர் சட்டை சுவர் ஆணியில் தொங்கியது. எழுந்து போய்ப் பைக்குள் கையை விட்டு அந்தப் பேனாவை எடுத்து டாக்டர் கையில் வைத்தேன்.

"இதத்தான் டாக்டர் இழுத்தாவ. புரட்டாசியிலேர்ந்து. மாலை போட்ட பொறவும் இழுத்தாவ, நெறைய."

டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். மாமியாரின் மூக்குக்கும் அந்த மாம்பழ வாசனை எட்டியது. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"தீயே கிடையாதுன்னாவ. வெறும் ஆவிதான்னாவ" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவதுபோல் கேட்டது.

"எல்லாரும் அப்படித்தாம்மா நெனைக்கறாங்க" என்றார் டாக்டர். அதட்டவில்லை. "இட்லி வேகறப்ப வர்ற ஆவி தண்ணி. இது சூடாக்கின ரசாயனம். நிகோடின் இருக்கு, எண்ணெய்ப் பசையா சிலது இருக்கு, வாசனைக்குப் போடறது இருக்கு. வாய்ல சாப்பிட ஆகற வாசனை நெஞ்சுக்கு ஆகும்னு இல்ல. திருட்டுத்தனமா விக்கறதுல என்ன கலக்கறாங்கன்னு யாருக்குத் தெரியும். இதுதான் காரணம்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா எல்லாம் பொருந்துது. மருந்த மாத்தறேன்." எழுந்தவர் என் வயிற்றைக் கவனித்தார். "நீங்களும் ஒரு ஸ்கேன் பாத்துக்குங்க. இவர் விட்ட மூச்சைத்தான் நீங்களும் வாங்கியிருக்கீங்க."

அவர் போனதும் மாமியார் வாயைத் திறந்தார். "மாலையும் கழுத்துமா கெடக்கவன இப்படிக் காட்டிக் குடுத்துட்டியே ஏட்டி. ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் தனியா டாக்டருட்டப் பேசியிருக்க மாட்டனா."

பேசியிருக்க மாட்டார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குருசாமி கட்டில் பக்கத்தில் வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் வீட்டுக்காரர் தலையை ஒரு கையால் தாங்கி, சரணம் சொல்லி, மாலையைக் கழற்றித் துண்டில் முடிந்துகொண்டார். "உடம்பு தேறட்டும். மத்தத அப்புறம் பாத்துக்கிடுவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுகிறார் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. இருமல் அழக்கூட விடவில்லை.

சாமி மேல் எனக்குப் பயமில்லை என்று பெருமை பேச மாட்டேன். இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து, அடி வயிற்றில் ஏதாவது வலிக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். முதுகு பிடித்தால்கூடப் போயிற்று என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஐயப்பா, தப்பு என்றால் என்னைக் கேள், பிள்ளையைக் கேட்காதே என்று எத்தனை தரம் சொன்னேன் என்று கணக்கில்லை. ஆனாலும் அந்தப் பேனாவைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுவிடலாமே என்று ஒரு தரம்கூட நினைக்கவில்லை.

புது மருந்து ஏறிய மறுநாள் காய்ச்சல் குறைந்தது. அடுத்த நாள் ஆக்சிஜனைக் கொஞ்சம் இறக்கினார்கள். டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, புகை மண்டியதுபோல் இருக்கிற இடமெல்லாம் தெளிய மாசக்கணக்கில் ஆகும், சில இடம் தெளியாமலும் போகலாம் என்றார். மலை ஏறுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. மாடிப்படி ஏறினாலே பெரிய காரியம்.

எனக்கு ஸ்கேன் எடுக்க மாமியாரே கூட வந்தார். பேசாமல்தான் வந்தார். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு அந்த மிஷினில் தடதடவென்று கேட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு விட்டுவிட்டார். இன்னும் மாசங்கள் கிடக்கின்றன, நாங்கள் இரண்டு பேருமே அதை நம்பிவிடத் துணியவில்லை.

ஆனால் என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தார், முகத்தைத் துடைத்தால் காட்டினார். ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று சொன்னபோதும் கண்ணை மூடிக்கொண்டார். திட்டித் தீர்க்க எனக்கு இப்போது தடை ஏதுமில்லை, மாலைதான் கழன்றுவிட்டதே. வாய் வரவில்லை. நான் செய்தது சரியென்று எனக்குத் தெரியும். அதை அவரும் சொல்ல வேண்டும் என்று மனசு கிடந்து ஏங்கியது.

மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்கில் சின்னக் குழாய் மட்டும் வைத்த அன்று காலையில், "இசக்கிமுத்து வந்தானா?" என்று கேட்டார். எத்தனை நாளைக்குப் பிறகு அவர் குரல்.

"அன்னைக்கு வந்ததுதான். பொறவு வரல."

கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்தார். "அவன் வீட்டுக்குப் போன் போடு."

போனை எடுத்து இசக்கிமுத்து நம்பரைத் தேடினேன். அவர் கையை ஆட்டித் தடுத்தார்.

"அவனுக்குப் போடாத. அவன் சொல்ல மாட்டான். அவன் பொண்டாட்டிக்குப் போடு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரிசெல்வி எடுத்தாள். பின்னால் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. நான் சுற்றி வளைக்கவில்லை. பேனாவைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன், இன்றைக்கே கூட்டிக்கொண்டு வா என்றேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் மாமியார் மாதிரியே ஆரம்பித்தாள், பச்சத்தண்ணி, பனி, விரதம் என்று. "அவிய தீப்பெட்டியத் தொட்டு எம்புட்டு நாளாச்சு தெரியுமாக்கா. நீங்க சொல்லி குருசாமி காதுல விழுந்தா என்ன ஆவும்" என்று குரல் கடுத்தது.

என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அவர் தலையணையை விட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி" என்றார். நிறுத்தி மூச்சு வாங்கினார். "விஜயபாண்டி பேசுதேன். யுவராணி சொல்லுதது நெசம். நான் மாலையோட இழுத்தேன், அவனும் மாலையோட இழுக்கான். அவன் இல்லம்பான், நம்பாத. சட்டப் பையப் பாரு."

அவ்வளவுதான் முடிந்தது. போன் கையிலிருந்து நழுவியது. அந்தப் பக்கம் மாரிசெல்வி சட்டையைத் தேடிப் போகிற சத்தம் கேட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் திரும்பி வந்து பேசுகிறவரை விடவில்லை.